கிளிப்பச்சைப் பட்டு

ஜூன் 4, புதன்

ரூபியா ஜாக்கெட் துணி ஏஜெண்ட் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. ஜனவரியில் கொஞ்ச நாள் பால்காரர் வராத தேதிகளைக் குறித்து வைத்தேன், அப்புறம் அதையும் விட்டேன். இன்றைக்கு எழுதுவதற்குச் சேதி இருக்கிறது. என் மகள் சுபாஷினி ரயில்வே பரீட்சையில் பாஸ்! அசிஸ்டென்ட் லோகோ பைலட். எங்கள் தெருவுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ரயில் ஓட்டப் போகிறாள். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. அதில் என்ன இருக்கிறது? பல்லில் ஒரு சொத்தை கிடையாது அவளுக்கு.

மாமா கடைக்கு வந்த எல்லோருக்கும் எள்ளுருண்டை கொடுத்தார். மாமா என்றால் என் வீட்டுக்காரர் தவசிலிங்கம். அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள் நான், வேறு எப்படிக் கூப்பிடுவது? கோவில்பட்டியில் ஜாக்கெட் துணிக்கு எங்கள் மேட்சிங் சென்டரை விட்டால் வேறு கடை கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. “தவசி அண்ணாச்சி சேலையை ஒரு தடவை பாத்தாப் போதும், அச்சு அசலா எடுத்துப் போட்டுருவாக” என்பார்கள்.

மாமா துணியை எடுத்துப் போடுவார், நான் எதிரே கத்திரியோடு உட்கார்ந்திருப்பேன். சேலையோடு சேர்ந்தால், “எவ்வளவு வெட்ட?” என்பேன். சேராவிட்டால், “அது சாயம் போகுது மாமா” என்பேன். உடனே அதை உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். சாயம் போகிற துணியைத் தலையில் கட்ட மாட்டார் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர். எங்கள் வியாபார முறை அப்படி. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

மெடிக்கலில் சுபாவை நிறுத்திவிட்டார்கள். கண்ணாம்.

ஜூன் 12, வியாழன்

ஒரு புத்தகத்தைக் காட்டினார்களாம். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள், நடுவில் ஒரு நம்பர் ஒளிந்திருக்குமாம். “எனக்கு எல்லாம் புள்ளியாத்தான்மா இருந்துச்சு. பக்கத்துல நின்ன பையன் கடகடன்னு படிக்கான்” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். சிக்னலின் சிவப்பும் பச்சையும் தெரியாதவளிடம் ரயிலைக் கொடுக்க மாட்டார்கள். நியாயம்தான். நானே கொடுக்க மாட்டேன்.

ஆனால் நான் நம்பவில்லை. பெண் பிள்ளைக்கு எங்கேயாவது கலர் தெரியாமல் போகுமா? சேலைக்குப் பால்ஸ் தைக்கிற நூல்கண்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டி, “ஒரே கலரை ஒண்ணாச் சேரு” என்றேன். பாசிப்பச்சைக் கண்டை எடுத்துக் காப்பிக்கொட்டைக் கலரோடு வைத்தாள். கிளிப்பச்சையை ஆரஞ்சோடு வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என் முகம்தான் அவளுக்கு முடிவைச் சொல்லியிருக்க வேண்டும்.

இருபத்திரண்டு வயது வரை பெற்றவளுக்குத் தெரியாமல் எப்படிப் போனது? சமைத்துக்கொண்டே யோசித்தேன், குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம். எங்கள் வீட்டில் எதையும் நான் கலரோடும் இடத்தோடும் சேர்த்தே சொல்வேன். “பச்சைச் சுடிதார், மேல் தட்டில் இரண்டாவது.” “செவந்த தக்காளி கிண்ணத்தில் இருக்கு, காயைத் தொடாதே.” பழக்கம். யாருக்காக அப்படிப் பழகினேனோ, அது அவளுக்கும் சேர்ந்து பயன்பட்டிருக்கிறது. அவள் கண்ணுக்கு வேலையே வைக்காமல் வளர்த்துவிட்டேன்.

மாமா நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் கடையில் அலமாரி அடுக்க வேண்டும் என்று போய்விட்டார். அலமாரியை நேற்றுத்தான் நான் அடுக்கினேன்.

ஜூன் 16, திங்கள்

திருநெல்வேலியில் கண் டாக்டரைப் பார்க்கப் போனோம். மாமாவுக்குக் கடை. அதனால் நானும் சுபாவும் மட்டும். அங்கே மாமாவின் அக்கா பேச்சியம்மாள், என் மதினி, வீட்டில் இறங்கினோம். “நானும் வாரேன், டாக்டரு சொல்லுதது உனக்குப் புரியுமா?” என்று கூடவே வந்தாள். ஆட்டோவில் போகும்போதே ஆரம்பித்துவிட்டாள்: “உங்கப்பாவுக்குக் கலர் தெரியாதுல்லா? எங்க மாமாவப் பத்தி எனக்குத் தெரியாதா? உன் வழியாத்தான் வந்துருக்கு.” ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அவர் சம்சாரி, காட்டில் வெள்ளாமை பார்க்கிறவர், அதனால் அவருக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

டாக்டர் ஜாஸ்மின் சின்ன வயசு. பொறுமையாகச் சொன்னார். “இது எக்ஸ் குரோமோசோம்ல வர்ற விஷயம்மா. ஆணுக்கு எக்ஸ் ஒண்ணுதான், அது அம்மாகிட்ட இருந்து வரும். அதுல குறை இருந்தா அவருக்குக் கலர் தெரியாது. பெண்ணுக்கு ரெண்டு, அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணு. ஒண்ணுல குறை இருந்தாலும் இன்னொண்ணு சமாளிச்சிடும். உங்க பொண்ணுக்கு ரெண்டுலயுமே இருக்கு.”

“அப்ப இவ வழிதான டாக்டர்?” என்றாள் மதினி.

“பாதி இவங்க வழி. மீதி பாதி அப்பா வழி. அப்பாவுக்குக் கலர் குறை இல்லாம பொண்ணுக்கு இப்படி வராது. அவரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன்.”

மதினி சிரித்தாள். “எந்தம்பியா? அவன் மேட்சிங் சென்டர்லா நடத்துதான்! கலருக்கு அவனை மிஞ்ச கோவில்பட்டியில ஆள் கிடையாது!”

சிரித்துக்கொண்டிருந்தவள் மெல்ல நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு சுபாவின் முகத்தை, மூக்கை, நெற்றியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டு மேஜையில் எதையோ தேடினார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

டைரியிலாவது எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குக் கலர் தெரியாது. கல்யாணமாகி மூன்றாம் நாள் சொன்னார். அப்போதுதான் கடை போட அட்வான்ஸ் கொடுத்திருந்தார். “ஏன் மாமா, உலகத்துல வேற வியாபாரமே கிடைக்கலையா?” என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பச்சை மாட்டை வரைந்து அடி வாங்கியதையும், அதிலிருந்து பிடித்த வைராக்கியத்தையும் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றேன். சரி என்றால் சரிதான், நான் வாக்கு மாறுகிறவள் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் மாமாவிடம் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். மதினி சிரித்ததையும் சிரிப்பை நிறுத்தியதையும் சொன்னேன். “ம்” என்றார். ரசம் கேட்டார். ஊற்றினேன்.

அவர் சொல்லிவிடுவார். எனக்குத் தெரியும். இரண்டு நாள் யோசிப்பார்.

ஜூன் 20, வெள்ளி

துணி வெட்டிக்கொண்டே யோசித்ததில் டாக்டர் சொன்னது நன்றாகப் பிடிபட்டுவிட்டது. பெண்களுக்குக் கடவுள் லைனிங் கொடுத்துத் தைத்திருக்கிறார். மேல்துணியில் கிழிசல் இருந்தாலும் லைனிங் மறைத்துவிடும். ஆம்பளைகளுக்கு ஒற்றைத் துணிதான், கிழிசல் இருந்தால் தெரிந்துவிடும்.

கிழிசல் வந்த வழி இதுதான். என் அப்பாவுடைய அம்மாவிடம் அது மறைவாக இருந்திருக்கிறது. அங்கேயிருந்து என் அப்பாவுக்கு வந்தது, அவருக்கு வெளியே தெரிந்தது. அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, மாமாவைப் பெற்றவள், அவளுக்கும் வந்தது. மறைவாக இருந்தது. அத்தை அதைத் தன் மகனுக்குக் கொடுத்தாள். என் அப்பா எனக்குக் கொடுத்தார். ஒரே துணியில் வெட்டிய இரண்டு துண்டு நாங்கள். எங்கள் இரண்டு பேரிடமும் இருந்து சுபாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மேலேயும் கிழிசல், லைனிங்கிலும் கிழிசல்.

இதில் இன்னொன்றும் பிடிபட்டது. அத்தை என்னைப் பெண் கேட்டு வந்தது மிளகாய்ப் பழம் எடுக்கிற நாள். அப்பா செடிக்குச் செடி “இது பழமா, காயா?” என்று என்னைக் கேட்டுக் கேட்டுப் பறித்துக்கொண்டிருந்தார். நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தாள். அண்ணன் மேல் உள்ள பாசத்தில் என்னைக் கேட்டாள் என்றே இத்தனை காலம் நினைத்தேன். பெற்றவளுக்கா தெரியாது மகன் கண்? கெட்டிக்காரி! உயிரோடு இருந்தால் இன்றைக்கு ஒரு வாய் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டுவிட்டு மதினியிடம் உண்மையைச் சொல்லச் சொல்லியிருப்பேன்.

மாமா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

விளாத்திகுளத்துச் சித்தி போன் செய்தாள். நலம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்து, “ஏன்டி, பேச்சியம்மா என்னமோ சொல்லுதாளே” என்று இழுத்தாள். என்னவாம் என்று கேட்டேன். “வுடு, வாயில சொல்ல நல்லாவா இருக்கு” என்றாள். சொல்ல நன்றாக இல்லாததைக் கேட்க மட்டும் போன் வருகிறது.

சாயங்காலம் கோவிலில் இரண்டு சொந்தக்காரப் பெண்கள் சுபாவை ஏற இறங்கப் பார்த்தார்கள். நானும் அவர்களை ஏற இறங்கப் பார்த்தேன். குனிந்துகொண்டு சூடம் எடுத்தார்கள்.

எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மடியில் கனம் இருக்கிறவள்தானே பயப்பட வேண்டும்?

ஜூன் 28, சனி

தலைவலி. கடைக்குப் போகவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்றும் தலைவலி. காபி குடித்தேன், முறுக்குக்கு மாவு அரைத்தேன், ஜன்னல் எல்லாம் துடைத்தேன். அப்படிப்பட்ட தலைவலி.

கடையில் என்ன நடக்கிறது என்று அடுத்த வீட்டு டீச்சர் வந்து சொன்னாள். அவள் பச்சைச் சேலைக்கு அண்ணாச்சி பிரவுன் துணியை வெட்டிக் கொடுத்துவிட்டாராம். “அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா அக்கா?” ஆமாம் என்றேன். பதினொரு மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிட்டார். வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“தலைவலி எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“நாளைக்கு வருவியா?”

“தலைவலியக் கேட்டுச் சொல்றேன்.”

கேட்க வேண்டியதை அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. நானாகக் கேட்டு வாங்குவதாக இல்லை. கேட்டு வாங்கினால் அது எனக்கு வேண்டாம்.

சுபா மட்டும் அறை வாசலில் நின்றுகொண்டு, “அப்பா, டாக்டர் உங்களையும் வரச் சொன்னாங்கள்ல, எப்பப் போறோம்?” என்றாள். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் என்னிடம் வந்து, “அம்மா, அத்தை என்ன சொல்லுதாகன்னு எனக்கும் தெரியும்” என்றாள். அவள் கையில் தேங்காயைக் கொடுத்துத் துருவச் சொன்னேன். வேறு என்ன செய்ய?

ஜூலை 3, வியாழன்

மதினி போன். அவள் மகள் ரேவதிக்கு ஆனி முடிவதற்குள் நிச்சயதார்த்தமாம், பதிமூன்றாம் தேதி. தாய்மாமன் பட்டு எடுத்து வந்து சபையில் கொடுக்க வேண்டும். ரேவதி கிளிப்பச்சை கேட்கிறாளாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “தம்பி மட்டும் வந்தாப் போதும். உனக்குத்தான் உடம்பு முடியலையாமே, சபையில நாலு பேரு நாலு பேசுவாக, எதுக்கு வீணா அலையணும்?” என்றாள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “மதினி, இந்த வீட்டு வாசப்படியில நான் கால வச்சு இருபத்து நாலு வருசம். வரணும்னா வருவேன், வேண்டாம்னா வர மாட்டேன். உங்க சொல்லுக்கு இல்லை” என்று வைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாமா பக்கத்தில்தான் இருந்தார். போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை காலம் இந்த மனுஷனுக்கு ஒரு தவறான கலர் கட்ட விட்டிருப்பேனா? ஒரு சட்டை, ஒரு வேட்டிக் கரை? என் பெயர் தெருவில் கிடக்கிறது, குனிந்து எடுக்க அவருக்கு முடியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

“நிச்சயத்துக்கு மூணு பேரும் போறோம்” என்றார், திடீரென்று. “சேலை நானே எடுக்கேன். நீ வர வேண்டாம், சுபா வரட்டும்.”

கலர் தெரியாத இரண்டு பேர் கிளிப்பச்சைப் பட்டு எடுக்கப் போகிறார்கள். நல்லா விளங்கும்! வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 12, சனி

சீர்த்தட்டு அடுக்குவதற்காகப் பட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஆரஞ்சு! நெருப்பு மாதிரி, சுத்தமான ஆரஞ்சு.

அப்படியே விட்டிருக்க வேண்டும். அக்காவுக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால், தட்டைத் திறந்து காட்டட்டும், தானாகவே வெளியே வரட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். எனக்கு அதைவிட நல்லது வேறு என்ன? ஆனால் சபை சிரிக்கும், அவர் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நிற்பார். அந்த முகம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. என்ன ஜென்மமோ நான்!

மாமா சலூனுக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியோடு சேலைக்கடைக்கு ஓடினேன். தெரிந்த கடைதான். அதே டிசைன், அதே ஜரிகை, கிளிப்பச்சையில் இருந்தது. மாற்றிக்கொண்டு வந்து தட்டில் வைத்துச் சுற்றிலும் மஞ்சளும் பழமும் அடுக்கிவிட்டேன். திரும்பி வந்த மாமா பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்தார், மூடினார். ஒன்றும் தெரியவில்லை. சுபாவும் பார்த்தாள். அவளுக்கும்தான்.

ஜூலை 13, ஞாயிறு

மண்டபம் நிறையச் சனம். மதினி வாசலில் நின்றாள். தம்பியை வா என்றாள், சுபாவை வா என்றாள். என்னைப் பார்த்து, “வெயிலா இருக்கோ?” என்றாள். “ஆமா, மதினி” என்று உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

தாய்மாமன் சீர் என்று கூப்பிட்டார்கள். மாமா தட்டோடு நடுவில் போய் நின்றார். சேலையைப் பிரித்து இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தார்.

“அக்கா, எல்லாரும் கேளுங்க” என்றார். “புள்ளை கேட்டது கிளிப்பச்சை. நான் கொண்டாந்திருக்கது ஆரஞ்சு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியாது. பிறந்ததுல இருந்தே தெரியாது. எம்பொண்டாட்டி செண்பகம்தான் எனக்குக் கலர் சொல்லுவா. இத இன்னிக்கு உங்களுக்குக் காட்டணும்னுதான் கடைக்காரர்கிட்ட ஆரஞ்சு வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

ஐயோ, அதைத்தானே நேற்று நான் மாற்றினேன்!

அப்புறம் ரேவதி மெதுவாக, “மாமா, இது கிளிப்பச்சைதான்” என்றாள்.

“இல்லம்மா, ஆரஞ்சு.”

“டேய், பச்சைடா!” என்றார் மதினி வீட்டுக்காரர். ஆளாளுக்குப் பச்சை, பச்சை என்றார்கள். மாமா சேலையைத் திருப்பிப் பார்த்தார், முந்தியைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் நின்றார். அப்போது சுபா எழுந்து அவர் பக்கத்தில் போனாள். சேலையின் ஒரு ஓரத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, “என்ன எல்லாரும் இப்படிச் சொல்றீக? ஆரஞ்சுதான் அத்தை! நானும் கூடப் போனேன், பில்லுலயே ஆரஞ்சுன்னு போட்டிருக்கு” என்று மதினியிடம் சண்டைக்கு நின்றாள்.

பளிச்சென்ற கிளிப்பச்சைப் பட்டு. அந்த ஓரத்தை அப்பன் பிடித்திருக்கிறார், இந்த ஓரத்தை மகள் பிடித்திருக்கிறாள். இரண்டு பேரும் ஆரஞ்சு, ஆரஞ்சு என்று அடித்துச் சொல்கிறார்கள். ஒரே மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு.

இனி யாருக்கும் கேட்க ஒன்றும் இல்லை. மதினி அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

நான் எழுந்தேன். “நேத்து நான்தான் மாத்திட்டேன், மாமா” என்றேன். “தெரியாம எடுத்துட்டீகன்னு நெனச்சேன்.” சபையில் யாரோ சிரிக்க, அது பரவி, மாப்பிள்ளை வீட்டார் வரை சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சுபா வாயைப் பொத்திக்கொண்டு, “அப்பா, உங்களுக்குமா? நெஜமாவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மெடிக்கலுக்குப் போய் வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று அப்போது இருந்தது. தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள் பாவம். “இத வச்சுக்கிட்டு மேட்சிங் சென்டரா! அப்ப நான் ரயிலை விட்டா வேற வேலையே பாக்க முடியாதுன்னு ஏன் படுத்துக் கிடந்தேன்?”

மதினி சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு அவளே பாயசம் ஊற்றினாள். “மனசுல வச்சுக்கிடாத செண்பகம்” என்றாள். “வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், மதினி. கொஞ்ச நாளாகும்” என்றேன். இன்னொரு கரண்டி ஊற்றினாள். குடித்தேன். பாயசத்தின் மேல் எனக்கு என்ன கோபம்?

வேனில் திரும்பும்போது, அழக் கூடாது என்று இருந்தேன், கயத்தாறு தாண்டுவதற்குள் அழுதுவிட்டேன். “இதச் சொல்ல இத்தனை நாளா மாமா?”

“பயமா இருந்துச்சு. கடை போயிரும்னு.”

“கடைக்கு நான் இருந்தேன். எனக்கு யாரு இருந்தாக?”

வேனில் டிரைவர் இருக்கிறார், பின்சீட்டில் மகள் இருக்கிறாள், ஊருக்கு முன்னால் என் பக்கத்தில் உட்காரவே கூச்சப்படுகிற மனுஷன் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கோவில்பட்டி வரும்வரை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.